ஆப்ப சோடாவில் கழுவிய மாத்திரைகள்

என் மாத்திரைகளை என் வீட்டில் கழுவினார்கள். ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் ஊறவைத்து, மேலே இருந்த பூச்சைத் துணியால் தேய்த்து எடுத்து, முறத்தில் காயவைத்து, பிறகு என் கையில் கொடுத்தார்கள். எண்பத்துமூன்று ஆவணியில் தொடங்கியது. எண்பத்துநான்கு தை மாதத்தில் நான் கண்ணால் பார்க்கும்வரை நடந்தது. நடந்ததை மாதத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது என் வழக்கம். இதை மட்டும் மறந்துவிடலாமே என்று சொந்தத்தில் சிலர் சொல்லியிருக்கிறார்கள். வயிறு அவர்களுடையதாக இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருந்தது. விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. வீடு திண்டிவனத்தில். கணவர் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தார். வீட்டில் அவரும் நானும் அவருடைய அம்மாவும்தான். காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி தாண்டி முண்டியம்பாக்கம் வந்ததும் கரும்பாலையின் வெல்லப்பாகு வாடை பெட்டிக்குள் நுழையும். பெண்கள் புடவையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பே எனக்குக் கிடைத்திருந்த வேலை அது. பெண் பார்க்க வந்தபோது அதைப் பெருமையாகத்தான் சொன்னார்கள். நான் மருமகளாக வந்த பிறகு, "எப்ப விடப்போற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

எண்பத்துமூன்று வைகாசியில் ஒரு காலை என் விரல்கள் மடங்கவில்லை. சொம்பைத் தூக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்திருந்தால் இளகும், மறுநாள் மறுபடியும் இறுகிவிடும். ஆனி மாதத்தில் விரல் கணுக்கள் வீங்கிவிட்டன. தட்டச்சு இயந்திரத்தில் ஓரத்து எழுத்துகளைச் சுண்டுவிரலால் தட்ட வேண்டும். அதற்கு வலு இல்லாமல் அந்த எழுத்துகள் மட்டும் தாளில் மங்கலாக விழுந்தன. என் தாளைப் பார்த்தாலே எந்த விரல் வலிக்கிறது என்று சொல்லிவிடலாம்.

விழுப்புரத்தில் ஸ்டேஷன் பக்கம் இருந்த ஒரு டாக்டரிடம் போனேன். முடக்குவாதம் என்றார். ஆஸ்பிரின் வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வேளையும், சாப்பிட்ட பிறகு. மேஜை இழுப்பறையிலிருந்து மாதிரிக்கு இரண்டு எடுத்துக் கொடுத்தார். செங்கல் நிறத்தில் வழவழவென்று இருந்தன. எங்கள் வீட்டில் வாய்க்குள் போகும் எதையும் என்ன ஏது என்று கேட்டுத்தான் போடுவோம். நாங்கள் சமணர்கள், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறவர்கள், தேனைத் தொடாதவர்கள், பொழுது சாய்ந்த பிறகு எதுவும் சாப்பிடாதவர்கள். அதனால் கேட்டேன்.

"இது மேல என்ன சார் பூசியிருக்காங்க?"

"முழுங்கறதுக்கு மாத்திரையாம்மா, இல்ல ஆராய்ச்சி பண்றதுக்கா?" என்றார் அவர். வெளியே காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் கேள்விக்கு அவர் ஒரே ஒரு வாக்கியம் பதில் சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மாத்திரையைத் திண்டிவனத்தில் கணவர் வாங்கி வந்தார். கடையில் பெரிய டப்பாவிலிருந்து எண்ணிக் காகிதப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். அட்டையோ எழுத்தோ எதுவும் கூட வராது. வீட்டில் எல்லாவற்றையும் பரிமாறுவது அத்தை, அதாவது என் மாமியார். மாத்திரையும் அப்படித்தான். காலையில் இட்லிக்குப் பிறகு உள்ளங்கையில் ஒன்று. மதியத்துக்கு என் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு பொட்டலத்தில் ஒன்று. சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்பாடு, அதன்மேல் ஒன்று, எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே. ஆடி மாதம் முழுவதும் சிவப்பு மாத்திரைதான் சாப்பிட்டேன். மாதக் கடைசியில் விரல்கள் மடங்கின. தாளில் எழுத்துகள் ஒரே கறுப்பாக விழுந்தன. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆவணியில் செஞ்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அத்தையும் கணவரும் போய்வந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து என் கையில் விழுந்த மாத்திரை வெள்ளையாக இருந்தது. வழவழப்பு இல்லை. ஓரம் சற்று கரைந்தது போலச் சொரசொரப்பு, பக்கத்தில் கொண்டுபோனால் புளித்த வாடை.

"இன்னா அத்தை, மாத்திரை வேற மாதிரி இருக்கு?"

"கடைக்காரன் கம்பேனிய மாத்திட்டான்மா. அதே மாத்திரதான், முழுங்கு."

கணவரைப் பார்த்தேன். அவர் தினசரித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "மல்லாட்டையிலயே எத்தினி ரகம் வருது. மாத்திரையில வராதா?" என்றார்.

நான் நம்பினேன். வீட்டில் இருப்பவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டு யாரும் மருந்து சாப்பிடுவதில்லை.

புரட்டாசியில் நெஞ்சுக்குக் கீழே எரிச்சல் தொடங்கியது. ஐப்பசியில் சாப்பிட்டாலும் எரிந்தது, சாப்பிடாவிட்டாலும் எரிந்தது. அதே நேரத்தில் விரல்களும் மறுபடி இறுகின. அலுவலகத்தில் என்னோடு இன்னொரு தட்டச்சர், வளவனூர்க்காரி, என்னைவிடச் சின்னவள். தனக்குத் தலைவலி வந்தால் மாத்திரையைக் கோலி சோடாவில் போட்டு, அது நுரைத்துக்கொண்டு கரைவதைப் பார்த்தபடி குடிப்பாள். "சோடாவுல கரையாதது எதுவும் கிடையாதுக்கா, எங்க வீட்டுக்காரரத் தவிர" என்பாள். எனக்கும் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாள். வாயுவெல்லாம் பிரிந்து எரிச்சல் இரட்டிப்பானது.

டாக்டரிடம் மறுபடி போனேன். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வேலைக்குப் போற லேடீஸ் எல்லாருக்கும் இது இருக்குதும்மா. டைமுக்கு சாப்புடறது இல்ல. ரயில்ல அலையறது. டென்ஷன்."

நான் மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறவள் என்றேன். எங்கள் வீட்டில் சூரியனே நேரம் சொல்கிறது என்றேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. விரல் வலி குறையவில்லை என்றதும் மாத்திரையை வேளைக்கு இரண்டாக்கினார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஒன்று காட்டுங்கள் என்று கேட்கவில்லை. என் பையில் மதியப் பொட்டலம் இருந்தது. கேட்டிருந்தால் அங்கேயே பிரித்துக் காட்டியிருப்பேன்.

டாக்டர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னது நான்தான். கணவரும் அத்தையும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வேலைக்குப் போவதால் வயிறு எரிகிறது, டாக்டரே சொல்லிவிட்டார். மண்டியில் கணக்கெழுதும் ஆளிடம்கூடக் கணவர் இதைச் சொல்லியிருந்தார். அவரும் என்னைப் பார்த்ததும், "ஒடம்ப பாத்துக்கங்கம்மா, சம்பாரிச்சி இன்னா ஆவப்போவுது" என்றார்.

மார்கழியில் ஒருநாள் காலை விக்கிரவாண்டியில் ரயில் நின்றிருந்தபோது ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தேன். காப்பித்தூள் கரைத்ததைப் போலக் கறுப்பாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "ரத்தம்மா அது" என்றார். விழுப்புரத்தில் இறங்கி நேரே அந்த டாக்டரிடம்தான் போனேன். வயிற்றில் புண் என்றார். குடிப்பதற்கு மருந்து கொடுத்து, மாத்திரையைப் பொங்கல்வரை நிறுத்திவிட்டு அப்புறம் தொடங்கச் சொன்னார். நிறுத்திய நாட்களில் எரிச்சல் தணிந்தது. விரல்கள் விறகாகிவிட்டன. என் மேஜைக்கு வரவேண்டிய கோப்புகள் வளவனூர்க்காரியின் மேஜைக்குப் போயின. அவள் முணுமுணுக்காமல் அடித்துக் கொடுத்தாள். அது எனக்கு இன்னும் வலித்தது.

அந்த மார்கழியில்தான் கணவர் வேலையை விடும் கடிதத்தை எழுதி எடுத்துவந்தார். உடல்நிலை காரணமாக என்று தொடங்கியது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். தை முடிவதற்குள் போட்டுத் தருகிறேன் என்றேன். வேறென்ன சொல்வது. மாத்திரை சாப்பிட்டால் வயிறு போகிறது, சாப்பிடாவிட்டால் கை போகிறது. என் உடம்பே அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டதாக அப்போது நினைத்தேன்.

பொங்கல் முடிந்து மாத்திரையைத் தொடங்கிய அந்த வாரத்தில் ஒருநாள், ஸ்டேஷனுக்குப் போனால் தண்டவாளத்து மின்சார மேல்கம்பி அறுந்துவிட்டது, மதியம்வரை ரயில் இல்லை என்றார்கள். பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் கூட்டேரிப்பட்டில் ஏறுகிற கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க என் கையால் ஆகாது. வீட்டுக்குத் திரும்பினேன். முன்கதவு சாத்தியிருந்ததால் பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்கு நடந்தேன்.

அத்தை வெயிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் அலுமினியக் கிண்ணம், அதில் செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர். மடியில் ஈரத்துணி. துணிக்குள் எதையோ வைத்து விரலால் உருட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார். முறத்தில் வெள்ளைத்துணி விரித்து, அதன்மேல் என் மாத்திரைகள் வடகம்போலக் காய்ந்துகொண்டிருந்தன. சிலவற்றில் சிவப்பு திட்டுத்திட்டாக மிச்சமிருந்தது. சில உடைந்திருந்தன. சில வாரங்களில் மாத்திரை பொடியாக, வெல்லத் தண்ணீரில் கலந்து எனக்கு வந்ததன் காரணம் அப்போது புரிந்தது.

"ரயிலு போவலியாமா?" என்றார். குரலில் பதற்றமே இல்லை.

"இன்னா அத்தை இது?"

"ஒண்ணும் இல்ல. மேல்தோல எடுக்கறேன்."

"எதுக்கு?"

கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். ஆவணிக் கல்யாணத்தில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், மெட்ராஸில் மருந்துக் கம்பெனிக்காக டாக்டர் டாக்டராகப் போய்வருகிறவர், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மருமகள் என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று பேச்சு வந்திருக்கிறது. பளபளவென்று இருக்கிற அந்த வகை மாத்திரைகளின் மேலே அரக்குதான் பூசுவார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"அரக்குப் பூச்சிய கொம்போட சொரண்டி, கொதிக்கவச்சி எடுக்கறாங்களாம். எத்தினி உசுரு பாத்துக்கோ. ஒரு நாளைக்கு மூணு வேள, மாசக்கணக்கா நீ முழுங்கினா அந்தப் பாவம் யாருக்கு?"

"அது எதுக்குப் பூசியிருக்குன்னு அவரு சொல்லலியா?"

"பளபளப்புக்குத்தான். வேற எதுக்கு?"

அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொந்தக்காரர் சொல்லியிருப்பாரா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். பந்தியில் பாதி விஷயம் சொன்னாலே பெரிய மனிதராகிவிடலாம்.

அத்தை அதோடு நிற்கவில்லை. எப்படி எடுத்தேன் தெரியுமா என்று தானாகவே சொல்லத் தொடங்கினார். முதலில் பச்சைத்தண்ணீரில் போட்டுப் பார்த்தாராம், ஒரு பகல் முழுக்க, அப்படியே கிடந்ததாம். வெந்நீரில் கொஞ்சம் மிருதுவானது, உரியவில்லை. மோரில் போட்டார். எலுமிச்சம்பழச் சாற்றில் போட்டார். "எலுமிச்சங்காய்க்கு பித்தளையில இருக்கற களிம்பே போவுது. இது அசையவே இல்லமா." கடைசியில் ஆப்பத்துக்குப் போடுகிற சோடாவைத் தண்ணீரில் கலந்து ஊறவைத்ததும் சிவப்பு கழன்று வந்ததாம். ரொம்ப நேரம் விட்டால் உள்ளே இருப்பதும் உதிர்ந்துவிடும். பார்த்து எடுக்க வேண்டும். இதையெல்லாம் அவர் சந்தோஷமாகவே சொன்னார். எனக்குத் தரவேண்டிய மாத்திரைகளை வைத்துச் செய்த சோதனை அது.

"எனக்கு ஏன் அத்தை சொல்லல?"

"சொன்னா நீ வாயில வைக்க மாட்ட. கைய புடிச்சிக்கினு அழுதுகினு கெடப்ப. அதுக்குத்தான் பாவமும் வேணாம், வலியும் வேணாம்னு நானே செஞ்சேன்."

"இவருக்குத் தெரியுமா?"

"தெரியாம? மாத்திரைய வாங்கியாறதே அவன்தான்."

அவர் கையில் குழல் வளையல்கள் இருந்தன, கல்யாணத்துக்குப் போட்ட பழைய வளையல்கள். மேலே மெல்லிய தங்கத் தகடு, உள்ளே கெட்டியாக இருக்க அடைத்த பொருள். திண்டிவனத்தில் எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார்.

"உங்க வளையலுக்குள்ள இன்னா இருக்குது அத்தை?"

கையைப் பார்த்துக்கொண்டார். "அரக்குதான். இன்னா இப்ப? இது கையில கெடக்கு. அது வயித்துக்குள்ள போவுது."

காய்ந்த மாத்திரைகளில் ஒரு பிடியை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் விழுப்புரத்தில் இறங்கியதும் மருந்துக் கடைக்குப் போய், பிரிக்காத அட்டையாக வேண்டும் என்று கேட்டு அதே மாத்திரையை வாங்கினேன். அட்டைக்குப் பின்னால் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், குடலில் கரையும் பூச்சு கொண்டது என்று இருந்தது. அதற்குக் கீழே: மெல்லவோ பொடிக்கவோ கூடாது. அட்டை இல்லாமல் எண்ணிக் கொடுத்த கடையில் அந்த இரண்டு வரிகளும் டப்பாவோடு தங்கிவிட்டன.

படித்துவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. மதிய இடைவேளையில் அலுவலகத்து டம்ளர்களை மேஜையில் வரிசையாக வைத்தேன். எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீர், என் டப்பாவிலிருந்த மோர், வெறும் தண்ணீர், கோலி சோடா, ஆப்ப சோடா கலந்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு மாத்திரை.

"இன்னாக்கா, லேபு தொறந்துட்ட?" என்றாள் வளவனூர்க்காரி. நடந்ததைச் சொன்னேன். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அவளுக்கு அதிர்ச்சி கோலி சோடாவில்தான். மாத்திரையைச் சுற்றிக் குமிழ் குமிழாகக் கிளம்பியது. மாத்திரை அப்படியே கிடந்தது. "சோடாவுக்கே மசியல. இது வயித்துல எங்கக்கா கரையப்போவுது?" என்றாள்.

"வயித்துல கரையக் கூடாதுன்னுதான் பூசியிருக்கான்."

எலுமிச்சையில் அது அசையவில்லை. மோரிலும் இல்லை. வயிற்றில் இருப்பது புளிப்பு. அந்தப் புளிப்பைத் தாங்கிக்கொண்டு கீழே குடலுக்குப் போய், அங்கே புளிப்பு மாறிய இடத்தில் கரைவதற்காகப் போட்ட கவசம் அது. ஆப்ப சோடாத் தண்ணீரிலோ, நான் கோப்பு ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் சிவப்பு கழன்று அடியில் தங்கியது. முந்தைய நாள் அள்ளிய வெள்ளை மாத்திரைகளில் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து எலுமிச்சைத் தண்ணீரில் போட்டேன். நிமிடத்தில் பிளந்தது, உதிர்ந்தது. ஆனால் கரையவில்லை, வெள்ளைத் துகள்களாக டம்ளர் அடியில் படிந்து உட்கார்ந்தது. கலக்கினால் எழும்பி மறுபடி அங்கேயே படிந்தது. ஆவணியிலிருந்து என் வயிற்றின் சுவரில் இது இப்படித்தான் படிந்திருக்கிறது. புளித்த வாடையும் பூச்சு இல்லாமல் ஈரம் பட்டு மருந்து கெட்டதால் வருவது என்று பின்னாளில் நூலகத்தில் படித்தேன். வலிக்கு வேண்டியது குறைந்தும், புண்ணுக்கு வேண்டியது கூடியும் எனக்குக் கிடைத்திருக்கிறது. அதை டாக்டர் இரட்டிப்பாக்கினார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பூச்சு அரக்கா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. அந்தக் காலத்தில் அரக்கிலும் செய்தார்கள், செடிகொடியின் நாரிலிருந்து எடுக்கும் வேறொரு பொருளிலும் செய்தார்கள். அட்டையில் அது எழுதியிருக்கவில்லை. இல்லாத பாவத்துக்காகவும் இது நடந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் கணவர் மண்டியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஒரு வெள்ளை மாத்திரையை அவர் முன்னால் வைத்தேன்.

"இத கன்னத்துல அடக்கிக்கினு உக்காருங்க."

"இன்னா வெளையாட்டு இது?"

"முழுங்க வேணாம். சும்மா வச்சிக்கினு உக்காருங்க. கரையட்டும்."

அத்தை குறுக்கே வந்தார். "அவனுக்கு எதுக்கு மாத்திர? அவனுக்கு ஒண்ணும் இல்லியே."

"எனக்கும் வயித்துல ஒண்ணும் இல்லாமதான் இருந்தது அத்தை."

கணவர் என்னைப் பார்த்தார். முந்தைய நாள் நடந்ததை அத்தை சொல்லியிருப்பார். மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார், என்னை ஜெயித்துக் காட்டுவதைப் போல. நான் பித்தளைச் சொம்பைக் கழுவி வைத்தேன். இலையை எடுத்துப் போட்டேன். திரும்பி வந்தபோது அவர் முகம் கோணிக்கொண்டிருந்தது. எழுந்து முற்றத்துக்குப் போய்த் துப்பினார். வாய் கொப்பளித்தார். மறுபடி கொப்பளித்தார்.

"சுர்ருங்குது" என்றார். கன்னத்தின் உள்பக்கம் தோல் வெளுத்துவிட்டது.

"எனக்கு பொரட்டாசியிலேருந்து சுர்ருங்குது."

"உன் நல்லதுக்குத்தான் செஞ்சோம்."

"வேலைய விடச் சொன்னதும் நல்லதுக்குத்தான்?"

நான் இருவரையும் கேட்டுக்கொண்டே போனேன். மாத்திரை மாறவில்லை என்று தெரிந்தும், கம்பெனி மாறிவிட்டது என்று ஏன் சொன்னீர்கள்? எரிகிறது என்று நான் சொன்னபோது, எதனால் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையா? ரயிலில் ரத்தமாக வாந்தி எடுத்த அன்று, அந்தக் கிண்ணம் ஞாபகம் வரவில்லையா? அதற்கு அத்தைதான் பதில் சொன்னார்.

"மாத்திரையால இல்ல, அலைச்சல்னு டாக்டரே சொன்னாரேம்மா."

அவர் அதை நிஜமாக நம்பினார். என் கோபம் அதனால் குறைந்தது என்று எழுத முடியவில்லை. தேனில் குழைத்துச் சாப்பிட ஒரு வைத்தியர் முன்பு சூரணம் கொடுத்தபோது வேண்டாம் என்று முதலில் சொன்னது நான். என் நோன்பை நானே பிடிக்கிறவள். அரக்கு என்று என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு வாரம் யோசித்திருப்பேன், யாரையாவது கேட்டிருப்பேன், வலியோடு இருப்பதா பூச்சோடு சாப்பிடுவதா என்று நானே முடிவு செய்திருப்பேன். எந்த முடிவாக இருந்தாலும் அது என்னுடையது. அந்த முடிவை என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலிருந்து திருடினார்கள். திருடிவிட்டு, அதனால் வந்த நோயைக் காட்டி வேலையையும் கேட்டார்கள்.

கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை, கணவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "உடல்நிலை காரணமாகன்னு எழுதினீங்களே, காரணத்த யாரு உண்டாக்கினதுன்னும் எழுதிக் குடுங்க, போடறேன்" என்றேன். அதற்குப் பிறகு அந்தத் தாளை யாரும் பார்க்கவில்லை.

வயிறு ஆற மாதங்கள் பிடித்தன. வேறு டாக்டரைப் பார்த்தேன். அவர் அதே சிவப்பு மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்தார். அரக்காக இருக்கலாம் என்று தெரிந்துதான் முழுங்கினேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு முழுங்கினேன். மாத்திரையை நானே வாங்கினேன், அட்டையோடு, என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடக் கூடாது என்பதை மட்டும் விடவில்லை. மாலை ரயில் தாமதமாகும் நாட்களில் பேரணி தாண்டும்போது டப்பாவைத் திறந்து கேப்பை ரொட்டியைச் சாப்பிட்டு, மயிலம் வருமுன், சூரியன் இறங்குவதற்குள் மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். எதிரே இருப்பவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

எண்பத்தொன்பது ஐப்பசியில் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. பாண்டிச்சேரியில் பார்த்தோம். ரத்தம் கட்டாமல் இருக்க என்று தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாங்கி வந்த அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். அதே வகை, சிறிய அளவு. பின்னால் அதே இரண்டு வரி. மேலே அதே சிவப்பு.

மறுநாள் காலை நான் ரயிலுக்குக் கிளம்பி, பையை மாட்டிக்கொண்டு நடையில் நின்றிருந்தேன். அத்தை மகனுக்கு இட்லி வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் அட்டையிலிருந்து மாத்திரையை அமுக்கி எடுத்தார். புடவையில் துடைக்கக்கூட இல்லை. சிவப்பாகவே அவர் உள்ளங்கையில் வைத்து, வடிகட்டிக் காய்ச்சிய தண்ணீரைச் சொம்பில் நீட்டினார்.

"சோடாவுல போடலியா, அத்தை?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். கேள்வி புரியாதது போல இருந்தது அவர் முகம்.

"வேணாம்மா. அவன் வயிறு தாங்காது" என்றார்.

கணவர் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். தலையைத் தூக்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அன்று ரயிலில் கூட்டமே இல்லை, ஜன்னலோரமாக இடம் இருந்தது. முண்டியம்பாக்கம் வரை நான் உட்காரவில்லை.